மழை பெய்யும்போது யார் மேலே பார்ப்பார்கள்?

1

இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. ஓர் ஆய்வறிக்கையின் கடைசியில் சேர்க்க வேண்டிய இரண்டு பக்கப் பின்னிணைப்பு, அவ்வளவுதான். எங்கெங்கே புனல் வைத்தோம், யார் யார் உதவினார்கள் என்று எழுதிக் கொடுத்துவிடு என்றார் ஒடிலியா பர்ரியோனுவேவோ. அவர் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் மேகங்களை ஆராய்பவர். நான் அவருடைய களப் பணியாளன். வண்டி ஓட்டுவேன், புனல்களில் சேரும் மழைநீரைப் பாட்டிலில் பிடித்து ஒட்டுச்சீட்டு ஒட்டுவேன்.

முதல் பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் முதல் வாக்கியம் இது:

"எர்சீலியா குவாகின்சாய் என்பவரின் ஏழு குறிப்பேடுகள் பார்வையிடப்பட்டன, பயன்படுத்தப்படவில்லை."

இதை எழுதி நான்கு மாதம் ஆகிறது. அடுத்த வாக்கியம் வரவில்லை. ஏனென்றால் இந்த வாக்கியம் பொய். அந்தக் குறிப்பேடுகள் பயன்படுத்தப்பட்டன. நாங்கள் பயன்படுத்தவில்லை, அது மட்டும்தான் உண்மை.

(இந்த இடத்தில் அறிக்கை கைவிட்டுப் போனது. நீங்கள் படிப்பது மிச்சம்.)

2

முதல் தொடக்கம்: "கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது."

அழகாக இருக்கிறது, தப்பாகவும் இருக்கிறது. எங்களுக்கு மேகம் மேற்கே ஆண்டீஸ் மலைப் பக்கமிருந்துதான் வரும். ஓசைக்காகத் திசையையே மாற்றியிருக்கிறேன். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "அந்த மூதாட்டியின் கண்களில் ஒரு நூற்றாண்டின் தாகம் —"

எர்சீலியாவுக்கு ஐம்பத்தாறு வயது. மூதாட்டி என்று எழுதியது தெரிந்தால் செருப்பு வரும். கண்களில் இருந்தது ஆட்டுப்பட்டிப் புழுதி. இதையும் விட்டுவிட்டேன்.

நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். மலையடிவாரப் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டங்கள். அவர்களுடைய பயம் ஆலங்கட்டி மழை. கால் மணி நேரத்தில் ஒரு வருட விளைச்சலைக் கிழித்துப் போட்டுவிடும். அதனால் தோட்டக்காரர் சங்கம் இரண்டு சிறு விமானங்கள் வைத்திருந்தது. பெரிய மேகம் எழுந்தால் அவை போய், இறக்கையில் கட்டிய குழல்களிலிருந்து ஒரு வெள்ளி உப்பின் புகையை விடும். புகையின் ஒவ்வொரு துகளையும் பிடித்துக்கொண்டு ஒரு பனிக்கட்டி வளரும். துகள் நிறைய இருந்தால் மேகத்துத் தண்ணீர் பங்காகிவிடும். கட்டிகள் பெரிதாக முடியாது, வழியிலேயே உருகிவிடும். எண்ணம் அதுதான்.

பள்ளத்தாக்குக்குக் கிழக்கே வறண்ட சமவெளி. முள்ளும் ஆடும் மட்டும். அங்கே இருப்பவர்கள் சொல்வது வேறு: விமானம் மேகத்தை உடைக்கிறது, எங்களுக்கு வரவேண்டிய மழை வழியிலேயே போய்விடுகிறது. இருபது வருடச் சண்டை. சாலையில் டயர் கொளுத்தினார்கள். ஒருவர் விமானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார். படவில்லை, ஆனால் அவர் சொல்லும்போது ஒவ்வொரு வருடமும் குண்டு கொஞ்சம் கிட்டே போகும். இரு தரப்பும் ஒத்துக்கொண்டது ஒரே விஷயத்தில்தான். ஒடிலியாவைக் கேட்போம், அவர் அளந்து சொல்லட்டும்.

என் அப்பா பள்ளத்தாக்கில் கொடி வெட்டுபவர். அம்மா சமவெளியில் ஆடு மேய்த்த குடும்பம். ஆக, எந்தப் பக்கம் போனாலும் நான் அடுத்த பக்கத்து ஆள்.

எர்சீலியாவின் வீட்டுக்கு முதன்முதல் போனபோது அவர் கூரைமேல் இருந்தார், தகரம் பறக்காமலிருக்கப் பழைய டயர்களை அடுக்கிக்கொண்டு. இறங்காமலேயே, நீங்கள் யார் பக்கம் என்று கேட்டார். நாங்கள் யார் பக்கமும் இல்லை, அளக்க வந்திருக்கிறோம் என்றார் ஒடிலியா.

"அப்ப அவங்க பக்கம்தான்" என்றார் எர்சீலியா. "இருங்க, எறங்கி வரேன். மாத்தே டீ குடிச்சுட்டே பொய் சொல்லலாம்."

என்னைப் பார்த்து, "இந்த ஒல்லிய எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கவா?" என்றார். அன்றிலிருந்து என் பெயர் ஒல்லி. ஒடிலியாகூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

3

குறிப்பேடுகள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் கோடு போட்ட நோட்டுகள். பத்தொன்பது கோடைகளாக (இங்கே ஜனவரிதான் கோடை) எர்சீலியா எழுதி வந்தவை. பக்கத்துக்கு ஒரு நாள், இப்படி:

"ஜனவரி 9. வந்தது. விமானம். போச்சு."

"பிப்ரவரி 2. வந்தது. கறுப்பு. ரெண்டு விமானம். போச்சு."

நூற்று நாற்பத்து மூன்று வரிகள். இடையிடையே, "நல்லா பெஞ்சுது" என்றோ, "முற்றம் நனைஞ்சுது" என்றோ ஒன்றிரண்டு. அவர் இதை ஆத்திரத்தில் எழுதவில்லை. அந்தப் பத்தொன்பது வருடத்தில் நானூறு ஆடு நூற்றுச் சொச்சம் ஆகிவிட்டது. நோட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆடு செத்ததை எதற்கு எழுதவேண்டும், அது ஞாபகமிருக்கும் என்றார்.

ஒடிலியா இரண்டு மணி நேரம் படித்தார். மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

"பெஞ்ச நாள்ல விமானம் இருந்துச்சா இல்லையான்னு ஒரு வரி இல்ல, ஒல்லி" என்றார் நெடுஞ்சாலை வந்ததும். "ஏமாந்த நாள்ல மட்டும்தான் அவங்க மேல பாத்திருக்காங்க. பெரிய மேகம் வந்தா விமானம் எப்பவும்தான் வரும். பெஞ்ச நாள்லயும் வந்திருந்தா?"

வந்திருந்தால் அந்த நூற்று நாற்பத்து மூன்று வரிகளுக்கும் அர்த்தம் இல்லை. விமானம் வராமலே எங்கள் மேகங்கள் ஏமாற்றுவது உண்டு என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். மேகத்துக்கு அடியில் மழை தாடிபோலத் தொங்கும், தரையைத் தொடாது. கீழே இருக்கும் காற்று அவ்வளவு வறட்சி, குடித்துவிடும்.

சனிக்கிழமை ஊர்க்கூட்டம். மாகாண மன்ற உறுப்பினர்கள் வருகிறார்கள். ஆட்டுக்காரர்களின் வக்கீல் நோட்டுகளைத்தான் நம்பியிருந்தார். வியாழக்கிழமை தானே போய் எர்சீலியாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடுவதாக ஒடிலியா முடிவு செய்தார். அதுவரை நான் வாயைத் திறக்கக்கூடாது.

வியாழக்கிழமை மலையிலிருந்து ஸோந்தா என்னும் சுடுகாற்று அடித்தது. சாலையே தெரியாத அளவுக்குப் புழுதி. போக முடியவில்லை. வெள்ளியும் அப்படியேதான் விடிந்தது.

4

கூட்டம், ஊர் மன்றத்தின் பந்தாட்டக் கூடத்தில். காலையில். ஒரு பக்கம் பள்ளத்தாக்குக்காரர்கள், மறு பக்கம் நம்மவர்கள். (நம்மவர்கள் என்று கை தானாக எழுதிவிட்டது. இருக்கட்டும்.)

ஒடிலியா முதலில் பேசினார். புனல் தண்ணீரில் வெள்ளி இருக்கிறது, மிகமிகக் கொஞ்சம். புகை சமவெளிவரை வருகிறது என்பதற்கு அது சாட்சி. மழை திருடு போகிறது என்பதற்குச் சாட்சி அல்ல. போகவில்லை என்பதற்கும் அல்ல. அப்படியானால் என்னதான் சொல்கிறீர்கள் என்று ஒரு உறுப்பினர் கேட்டார். தெரியாது என்றார் ஒடிலியா. இருபது வருடத்தில் முதல்முறையாக இரண்டு பக்கமும் சேர்ந்து ஊளையிட்டது.

பிறகு வக்கீல் நோட்டுகளை வாசித்தார். வந்தது, விமானம், போச்சு. ஒவ்வொரு வரிக்கும் கைதட்டல். எர்சீலியா முன்வரிசையில், தலை வாரி, தேவாலயத்துக்குப் போகும் சட்டையில் உட்கார்ந்திருந்தார்.

சங்கத்தின் பொறியாளர் பெர்காமின் எழுந்தார். எப்படியோ அவருக்கு அந்த ஓட்டை தெரிந்திருந்தது.

"எர்சீலியாம்மா, ஒரே ஒரு கேள்வி. மழை பெஞ்ச நாள்ல, விமானம் இருந்துச்சா?"

எர்சீலியா யோசிக்கவே இல்லை. "மழை பெய்யுறப்போ எவன் மேல பாப்பான்? என் கூரை ஒழுகும். சட்டி வெக்க ஓடுவேன்."

பள்ளத்தாக்குப் பக்கம் சிரித்தது. பிறகு, அதைவிட மோசமாக, நம் பக்கமும் சிரித்தது. வேடிக்கையான பதில்தானே. எர்சீலியாவும் சிரித்தார். வக்கீல் மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பது எர்சீலியாவுக்குப் புரிந்தது. நோட்டுகளை வாங்கி மாவுப் பையில் போட்டுக்கொண்டு, முடிவைக் கேட்காமலே வெளியே போனார்.

முடிவு: விமானங்கள் பறக்கலாம். மேற்கொண்டு ஆய்வு செய்யலாம்.

5

மேலே, "எப்படியோ அவருக்கு அந்த ஓட்டை தெரிந்திருந்தது" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதைத் திருத்தவேண்டும்.

பெர்காமினை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். ஒரு வரைவில் தங்கப் பல் கொடுத்தேன். சரிப்படவில்லை. அவருடைய அப்பாவின் தோட்டம் ஆலங்கட்டியில் ஒரே மதியத்தில் அழிந்தபோது அவருக்கு ஒன்பது வயது. அப்பா அன்று கொடிகளுக்கு நடுவே மண்டியிட்டதை அவர் பார்த்திருக்கிறார். கேட்ட கேள்வியும் நியாயமான கேள்வி. கூட்டத்தில் அவர் சிரிக்கவும் இல்லை.

அவருக்குச் சொன்னது நான்.

வெள்ளிக்கிழமை மதியம், முச்சந்தியில் இருக்கும் பெட்ரோல் பங்க். பஞ்சரான டயருக்காகக் காத்திருந்தேன். பெர்காமின் காபி வாங்கிக் கொடுத்தார், என் அப்பாவின் முதுகுவலியைப் பற்றி விசாரித்தார். பாட்டில் தூக்கும் வேலை எப்படிப் போகிறது என்றார். பாட்டில் தூக்குவது என்ற அந்தச் சொல் என்னைக் குத்தியது. எனக்கும் விஷயம் புரியும் என்று காட்டவேண்டியிருந்தது. குறிப்பேடுகளைப் பற்றிச் சொன்னேன், ஏமாந்த நாட்களை மட்டும் எழுதிவைத்தால் அது ஏன் கணக்கில் சேராது என்று சொன்னேன், காகிதக் கைக்குட்டையில் நான்கு கட்டம் போட்டு விளக்கினேன். நன்றாக விளக்கினேன். பெர்காமின் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

சொன்னது பெருமைக்காக, வேறு எதற்காகவும் இல்லை. அதிலும் வெறும் ஒரு காபி நேரத்துப் பெருமை.

6

அடுத்த ஐந்து மாதம் எர்சீலியா ஒடிலியாவை வாசலுக்குள் விடவில்லை. முதல்முறை போனபோது வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னார்:

"அந்தப் பெர்காமினுக்கு அவ்வளவு மூளை கிடையாது. நம்ம வக்கீலத் தவிர என் நோட்டைப் படிச்சவங்க ரெண்டே பேரு. ஒருத்தர் படிச்ச டாக்டரம்மா, ஒருத்தன் ஒல்லி. ஒல்லிக்கு இதெல்லாம் தோணாது."

ஒடிலியா என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு நொடி. நான் பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மறுக்கவில்லை, என்னைக் காட்டியும் கொடுக்கவில்லை. வண்டியில் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு தண்ணீர் எடுக்க நான் மட்டும் போனேன். எனக்கு மாத்தே கிடைத்தது, சாம்பலில் சுட்ட ரொட்டி கிடைத்தது. உன்மேல் கோபமில்லை, நீ பாட்டில் தூக்குகிறவன்தானே என்று எர்சீலியாவே சமாதானம் சொன்னார். அந்த ரொட்டியை எப்படி விழுங்கினேன் என்று எழுத இரண்டு பத்தி முயன்று கிழித்தேன். விழுங்கினேன். அவ்வளவுதான்.

ஜனவரி 28. மதியம் மூன்று மணிக்கு மேகம் வந்தது. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது, ஏமாற்றாத மழை. அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது எர்சீலியா முற்றத்தின் நடுவில் தீவனச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார். முகம் மேலே. கண்ணில் தண்ணீர் அடிக்க அடிக்க இமைத்துக்கொண்டு பார்த்தார். உள்ளே கூரை ஒழுகிக் கட்டில் நனைந்துகொண்டிருந்தது. ஒரு சட்டிகூட வைக்கவில்லை.

"உனக்குக் கேக்குதா, ஒல்லி?" என்றார். "இடியில ஒண்ணும் புரியல. விமானமா அது?"

நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இருவரும் மேலே பார்த்தோம். இடிக்கும் இடிக்கும் நடுவில் எஞ்சின்போல ஒன்று கேட்டது. ஆமாம், விமானம்தான் என்றேன்.

"பெய்யுது. விமானமும் இருக்கு" என்றார் எர்சீலியா. பிறகு உள்ளே போய் எழுதினார். புது நோட்டு. இரண்டு பத்தி பிரித்துக் கோடு போட்டிருந்தார். பெய்த நாள் ஒரு பக்கம், ஏமாந்த நாள் ஒரு பக்கம், இரண்டிலும் விமானத்துக்கு ஓர் இடம். அந்தக் கோடையில் அதுவரை ஒன்பது மேகங்கள். தனக்கு எதிராகப் போகக்கூடிய வரியை அவர் ஈரக் கையால் எழுதுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

சொல்லிவிட்டேன். பெட்ரோல் பங்க், காபி, கைக்குட்டை, எல்லாம்.

பேனாவை மூடி வைத்தார்.

"நீ சொல்லலன்னாலும் ஓட்டை ஓட்டைதான். அது பரவால்ல" என்றார். "ஆனா அந்த அம்மாகிட்ட நான் அஞ்சு மாசம் பேசல. நீ என் ரொட்டியத் தின்னுட்டு உக்காந்திருந்த. அத எந்த நோட்டுல எழுதுவ?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. வண்டியை எடு என்றார். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மேட்டில்தான் தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே போய் ஒடிலியாவை அழைத்தார். நான் வெளியே மழையில் நின்றேன், எனக்குக் கேட்கக்கூடாது என்று அவர் வண்டிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வெகு நேரம் பேசினார். இடையில் ஒருமுறை சிரித்ததுபோலிருந்தது.

மார்ச் மாதம் ஒடிலியா வந்தார். இருவரும் புது நோட்டை மேஜையில் விரித்து உட்கார்ந்தார்கள். பன்னிரண்டு மேகம். ஒன்றும் சொல்ல முடியாது என்றார் ஒடிலியா. இப்படியே இன்னும் முப்பது கோடை எழுதினால் ஏதாவது தெரியலாம்.

"முப்பது கோடை" என்றார் எர்சீலியா. "ஆடுங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க."

7

முப்பது கோடை ஆகவில்லை. இரண்டுதான் ஆனது. கிணறு உப்பாகிவிட்டது. எர்சீலியா மிச்ச ஆடுகளை நாத்தனார் பிளாசிதாவின் பட்டியில் விட்டுவிட்டு, அறுவடைக்குப் பள்ளத்தாக்குக்கு வந்தார். என் சித்தப்பாவின் சின்னத் தோட்டத்தில் வேலை நான்தான் ஏற்பாடு செய்தேன். எங்கள் இருவருக்கும் நடுவே முன்புபோல இல்லை. ஒல்லி என்றுதான் கூப்பிட்டார். ஆனால் கிண்டல் குறைந்துவிட்டது. அதுதான் எனக்கு உறுத்தியது.

(சித்தப்பாவின் தோட்டத்துக்குப் பதில் பெர்காமினின் தோட்டம் என்று போடலாமா என்று யோசித்தேன். கதைக்குப் பொருத்தமாக இருக்கும். நடக்கவில்லை, விட்டுவிட்டேன்.)

மார்ச் 11, மாலை நான்கு மணி. பாதிப் பழம் பறித்தாகிவிட்டது, பாதி கொடியில். மலைப் பக்கம் மேகம் எழுந்தது, அடியில் பச்சை நிறம். எல்லாரும் டிராக்டர் கொட்டகைக்குள் ஓடினோம். முதலில் கொண்டைக்கடலை அளவுக்கு விழுந்தது. பிறகு அக்ரூட் அளவுக்கு. தகரக் கூரையில் அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்காது. இலையும் பழமும் கந்தலாகிச் சேற்றில் விழுவது கண்ணெதிரே தெரிந்தது. சித்தப்பா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருபது பேர் இரண்டு மாதம் நம்பியிருந்த வேலை அது.

எர்சீலியா என் காதருகே குனிந்தார்.

"எங்க போனான் அவன்? வரச்சொல்லு."

யாரை என்று ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. பிறகு அவரைப் பார்த்தேன். விமானத்தை வரச்சொல்லிவிட்டோம் என்பது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டார்.

விமானம் வந்தது. சத்தம் கேட்டதும் பறிப்பவர்கள் சீட்டி அடித்தார்கள். சில நிமிடத்தில் கட்டி சிறுத்து, வெறும் மழையானது. விமானத்தாலா? ஒடிலியாவைக் கேட்டால் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும்.

மேகம் கிழக்கே நகர்ந்தது, சமவெளியை நோக்கி. எர்சீலியா மழை விடுமுன்பே வெளியே வந்து, தோட்டத்தின் கோடிவரை நடந்து, அது போகும் திசையில் நின்றார். முக்கால் மணி நேரம் கழித்துப் பிளாசிதாவை அழைத்தார். பிளாசிதாவின் வீட்டில் இப்போது சிக்னல் கிடைக்கிறது. நான் பக்கத்தில்தான் நின்றேன். பிளாசிதா சொன்னது எனக்கும் கேட்டது.

8

பிளாசிதா என்ன சொன்னார் என்பதுதான் முடிவு. இரண்டு முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "பெய்யுது, பட்டியெல்லாம் தண்ணி." இப்படி எழுதினால், விமானம் ஒன்றும் திருடவில்லை, எர்சீலியா இருபது வருடம் தப்பாக நினைத்துவிட்டார் என்பீர்கள். பள்ளத்தாக்கு கைதட்டும்.

இரண்டு: "வந்துச்சு, தாடி தொங்குச்சு, போயிடுச்சு." இப்படி எழுதினால், வரச்சொல்லு என்று கேட்டவர் தன் ஆடுகளின் தண்ணீரைத் தானே தடுத்துவிட்டார் என்பீர்கள். சிலர் அழக்கூடச் செய்வீர்கள்.

இரண்டில் ஒன்று நடந்தது. எது என்று எனக்குத் தெரியும். சமவெளிப் புனலின் அன்றைய பாட்டிலும் இருக்கிறது, நிறைந்தோ காலியாகவோ. ஆனால் எழுதமாட்டேன். ஒரே ஒரு நாள் அது. அந்த ஒரு நாளை வைத்து ஒரு பெண்ணைச் சரி என்றோ தப்பு என்றோ நீங்கள் தீர்த்துவிடுவீர்கள்; அதற்கு உதவி செய்யும் வேலையை நான் ஏற்கெனவே ஒரு காபிக்காகச் செய்திருக்கிறேன்.

உங்களுக்கு முடிவு இல்லாமல் தீராது என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இடம் விட்டிருக்கிறேன்:

பிளாசிதா சொன்னார்: ". . . . . . . . . . . . . ."

அதைக் கேட்டபோது எர்சீலியாவின் முகம் எப்படி இருந்தது என்று சொன்னால் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதனால் அதையும் சொல்வதற்கில்லை. சரி, சரி என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் தொலைபேசியை இடுப்புப் பையில் போட்டார். அடிபட்ட பழத்தை அன்றே பறித்தாகவேண்டும், விட்டால் அழுகிவிடும். சித்தப்பா எல்லாரையும் வரிசைக்குத் திரும்பச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எர்சீலியா கத்திரியை எடுத்துக்கொண்டு போனார். நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வரிசையின் நடுவிலிருந்து திரும்பினார்.

"என்ன பாத்துட்டே நிக்குற, ஒல்லி? எழுதப்போறியா? பழத் தொட்டியப் பிடி, வெளிச்சம் போயிடும்."

பிடித்தேன்.